பூனைகள் நனைக்காத விதானம்

அக்டோபர் 4, புதன்

கொன்றைக்கோட்டைக்கு வந்து இன்றோடு இரண்டு மாதம். ஊர் பழகிவிட்டது. அரண்மனை இன்னும் பழகவில்லை. ஜமீன் ஒழிந்த பிறகு அரசு எடுத்துக்கொண்டு அருங்காட்சியகம் ஆக்கிய கட்டடம். நாற்பத்தேழு அறைகளில் பத்தொன்பதுதான் பார்வையாளர்களுக்கு. மற்றவை வௌவாலுக்கும் பூட்டுக்கும். நான் இங்கே வேதியியலாளர். பழைய மரம், துணி, ஓலை எதுவும் என் கண்ணெதிரே அழியாமல் பார்த்துக்கொள்வது வேலை.

பூனைகள் பதினொன்று. இன்றுதான் எண்ணி முடித்தேன். துப்புரவுப் பணியாளர் ராக்கு அக்கா எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார். மஞ்சள் கடுவனுக்குத் திவான் என்று பெயர். கூட்டம் வெளியேறியதும் தர்பார் மண்டபத்துப் படியில் உட்கார்ந்து, யாரோ மனு கொடுக்க வருவதுபோல வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். கறுப்பும் வெள்ளையுமாக, வயிறு பெருத்த பெண்பூனைக்குப் பேஷ்கார் என்று பெயர்.

"பெண்பூனைக்கு எதுக்கு அக்கா ஆம்பளை உத்தியோகப் பேரு?"

"ஏம்மா, நீங்க பாக்கலையா உத்தியோகம்?"

எனக்குப் பூனை பிடிக்காது. தும்மல் வரும்.

பல்லக்குக்குப் பூச்சிமருந்து வைத்தேன். மூடியைத் தூக்க இடது கை ஒத்துழைக்கவில்லை. ராக்கு அக்காவைக் கூப்பிட்டேன். மார்ச் மாதம் குளியலறையில் விழுந்த கை. ஈரக்காற்று அடித்தால் வலிக்கிறது.

அக்டோபர் 6, வெள்ளி

திருச்சியிலிருந்து நான்கு அழைப்புகள். எடுக்கவில்லை.

அக்டோபர் 11, புதன்

காப்பாட்சியர் ஞானசம்பந்தம் சார் அறைக்கு அழைத்தார். மார்ச்சில் ஓய்வு பெறப்போகிறவர். நல்ல மனிதர், மின்விசிறி சத்தம் போட்டாலும் யாரையும் திட்டமாட்டார். தட்டச்சு செய்த ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார்.

தர்பார் மண்டபத்தில் பதினெட்டு அடி உயரத்தில் ஒரு பட்டு விதானம் தொங்குகிறது. நூற்றிருபது வருடத்துத் துணி. அதில் மஞ்சள் கறைகள் விழுந்திருப்பதை ஜூன் மாதம் கண்டுபிடித்தார்கள். தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டிருக்கிறது. அந்த விளக்கம்தான் இந்தத் தாள். "மேற்படி கறைகள் அரண்மனையில் திரியும் பூனைகளின் சிறுநீரால் ஏற்பட்டவை என ஆய்வின் மூலம் உறுதி செய்யப்பட்டது." கீழே என் பெயர், பதவி, கையெழுத்துக்கு இடம்.

"சார், யார் ஆய்வு செஞ்சது?"

"நீங்கதான்மா."

"நான் இன்னும் அந்தத் துணியைத் தொட்டுக்கூடப் பார்க்கலையே."

"பார்த்தா என்ன தெரியப்போவுது? நவம்பர் இருபத்திநாலு இன்ஸ்பெக்‌ஷன். அதுக்குள்ள பூனைகளை அப்புறப்படுத்தணும். வண்டி சொல்லியாச்சு. ஒரு கையெழுத்துதானம்மா."

பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் பேனாவை மூடினார்.

அக்டோபர் 13, வெள்ளி

ஏணி வைத்து ஏறினேன். ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒரு கையால் வேலை. ராக்கு அக்கா கீழே ஏணியைப் பிடித்தபடி எல்லாக் குலதெய்வத்தையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சிறுநீர்க் கறை புறஊதா விளக்கில் ஒளிரும். ஜன்னல்களை அடைத்துவிட்டு விளக்கைப் பிடித்தேன். ஒன்றும் ஒளிரவில்லை. கறையின் ஓரத்தைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பஞ்சில் ஒற்றி எடுத்துப் பார்த்தேன். சுண்ணமும் உப்பும்தான். சிமெண்ட் வழியாக இறங்கிய தண்ணீர் விட்டுப்போகும் தடம். கறை எல்லாமே விதானத்தின் மேல்முகத்தில் தொடங்கிக் கீழே ஊறியிருக்கிறது. பதினெட்டு அடி உயரத்தில், துணிக்கும் கூரைக்கும் நடுவில் போய் எந்தப் பூனையும் சிறுநீர் கழிக்காது.

கூரைக்கு என்ன ஆயிற்று என்று ராக்கு அக்காவைக் கேட்டேன்.

"போன வருசம் ரிப்பேர்னு சொல்லி மேல பழைய சுண்ணாம்புத் தளத்தப் பூராம் கொத்திப் போட்டுட்டு சிமிட்டியப் பூசிட்டுப் போனாக. அம்புட்டுதேன். ஒரு மழ தாங்கல."

ஆக, கூரை ஒழுகுகிறது. கூரை வேலை எடுத்தவர் பதில் சொல்ல வேண்டியதைப் பூனைகள் சொல்லப்போகின்றன. பூனைக்குப் பேசத் தெரியாது என்பது இவர்களுக்கு எவ்வளவு வசதி.

பொய் என்று தெரிந்து நான் கையெழுத்துப் போடமாட்டேன். கையெழுத்துப் போட்ட பொய்க்கு ஆயுசு அதிகம். எனக்குத் தெரியும்.

அக்டோபர் 16, திங்கள்

நான்கு பக்க அறிக்கை கொடுத்தேன். ஞானசம்பந்தம் சார் முதல் பக்கத்தை மட்டும் படித்தார்.

"இத நான் மேல அனுப்ப முடியாதும்மா."

"அப்ப நானே அனுப்பறேன் சார்."

"உங்களுக்குப் பூனைமேல அவ்வளவு பாசமா?"

பாசம் இல்லை, தும்மல்தான் வருகிறது என்றேன். அவருக்குப் புரியவில்லை. பிடித்தவர்களுக்காக மட்டும்தான் உண்மை பேச வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தது?

பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

அக்டோபர் 21, சனி

அண்ணன் வந்தான். சொல்லாமல் வந்தான். வளாகத்துக்குள்ளேயே வேப்பமரத்தடியில் பேசினோம். அண்ணி முறுக்கு கொடுத்து அனுப்பியிருந்தாள். முறுக்குப் பைக்குள்ளேயே அந்தக் கடிதமும் இருந்தது.

"மாப்பிள்ளை பேசிட்டாரும்மா. வக்கீல் நோட்டீஸ் எதுவும் வேணாம், அவளே ஒரு லெட்டர் எழுதிக் குடுக்கட்டும், பழையபடி திருச்சிக்கே கூட்டிக்கறேங்கறார். நானே டைப் பண்ணிட்டு வந்துட்டேன்."

"அவசரப்பட்டு வீட்டை விட்டு வந்துவிட்டேன். என் கணவரால் எனக்கு எந்தத் தீங்கும் நேர்ந்ததில்லை." இரண்டே வரி.

"ஒரு கையெழுத்துதான், தமயந்தி. ரெண்டு குடும்பத்து மானம்."

இந்த மாதம் இந்த வாக்கியத்தை இரண்டாவது தடவையாகக் கேட்கிறேன் என்றேன். அவனுக்கு என்ன தெரியும். கடிதத்தை மடித்து அவன் சட்டைப் பையிலேயே வைத்தேன். முறுக்கை வைத்துக்கொண்டேன்.

அவன் போன பிறகு ராக்கு அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு என் மணிக்கட்டைக் காட்டி, "இது எப்புடிம்மா ஆச்சு?" என்றார்.

"குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன்."

"ஆமாமா. எனக்கும் ஒருக்கா கதவு இடிச்சுருச்சு. மூணு பல்லு."

சொல்லிவிட்டு எழுந்து பெருக்கப் போய்விட்டார்.

அக்டோபர் 25, புதன்

பேஷ்கார் பல்லக்கு மேடைக்கு அடியில் மூன்று குட்டி போட்டிருக்கிறது. மேடை தேக்கு, பாதிப்பு ஒன்றும் இல்லை. பார்த்துவிட்டேன். பழைய சாக்கு ஒன்றை உள்ளே தள்ளினேன். சாக்கு அங்கே சும்மாதான் கிடந்தது.

அக்டோபர் 30, திங்கள்

நான் மாவட்ட அலுவலகத்துக்குப் போயிருந்த நேரத்தில் வண்டி வந்திருக்கிறது. வலை, சாக்கு, நான்கு ஆட்கள். சான்றிதழில் கையெழுத்து இல்லாமலேயே. திரும்பி வந்தபோது ராக்கு அக்கா வாசல்படியில் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் கீறல்.

"அஞ்சப் பிடிச்சுட்டுப் போய்ட்டாகம்மா. திவான், பேஷ்காரு, இன்னும் மூணு. குறுக்க படுத்துப் பாத்தேன். தாண்டிப் போறாக."

குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. மேடைக்கு அடியில் கத்திக்கொண்டிருந்தன.

ஞானசம்பந்தம் சார் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை.

"எங்க கொண்டு போனாங்க?"

"எனக்குத் தெரியாதும்மா."

"சார், எழுத்துல கேட்கவா, வாயால சொல்றீங்களா?"

இழுப்பறையைத் துழாவினார். கடைசியில் ஓட்டுநரின் எண்ணைக் கொடுத்தார். ஓட்டுநர் மூன்றாவது அழைப்பில்தான் எடுத்தார். கல்குவாரிக்குப் பின்னால், கண்மாய்க் கரையில் அவிழ்த்துவிட்டதாகச் சொன்னார். பன்னிரண்டு கிலோமீட்டர்.

பஞ்சைப் பாலில் நனைத்துக் குட்டிகளின் வாயில் வைத்தோம். ஒன்று என் விரலையே சப்பியது. அடுக்கடுக்காகத் தும்மினேன்.

அக்டோபர் 31, செவ்வாய்

தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் "அலுவலகப் பொருட்களை மீட்டல்" என்று எழுதினேன்.

ராக்கு அக்கா என் வண்டியின் பின்னால். இரண்டு மூடி போட்ட பிரம்புக்கூடைகளும் ஒரு பொட்டலம் கருவாடும் அவர் மடியில். குவாரிப் பாதை முழுக்கப் பல் பல்லாகக் கல். இடது கையால் பிரேக் பிடிக்க முடியாமல் இரண்டு இடத்தில் காலை ஊன்றி நிறுத்தினேன்.

கண்மாய்க் கரையில் கருவேல மரங்களைத் தவிர எதுவுமில்லை. ராக்கு அக்கா கருவாட்டைக் கல்லில் வைத்துத் தட்டிக்கொண்டே ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். வெயிலில் அரை மணி நேரம். முதலில் வந்தது பேஷ்கார்தான். கத்திக்கொண்டே ஓடி வந்து கருவாட்டைக்கூடப் பார்க்காமல் கூடையில் ஏறிக்கொண்டது. அதற்குப் பால் கட்டியிருந்தது. பிறகு மற்ற மூன்றும்.

திவான் வரவில்லை. மதியம் ஒரு மணி வரை தேடினோம். ராக்கு அக்காவின் குரல் கட்டிப்போன பிறகு நான் கூப்பிட்டேன். ஒரு பூனையின் பெயரைச் சொல்லி நடுக்காட்டில் கத்தும் அரசு ஊழியர். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். பார்க்கட்டும்.

நான்கோடு திரும்பினோம். வாயிற்காவலர் எழுந்து, "உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவு மேடம்" என்றார்.

"உத்தரவைக் காட்டுங்க."

வாய்மொழி உத்தரவாம். என்னுடையதும் வாய்மொழிதான், கதவைத் திறங்கள் என்றேன். திறந்தார்.

நவம்பர் 3, வெள்ளி

குறிப்பாணை வந்தது. அப்புறப்படுத்தப்பட்ட விலங்குகளை அனுமதியின்றித் திரும்பக் கொண்டுவந்ததற்கு ஏழு நாளில் விளக்கம் அளிக்க வேண்டுமாம்.

ஏழு நாள் தேவைப்படவில்லை. அன்றே எழுதினேன். ஓலைச்சுவடி அறையில் எலி சேதம் பற்றிய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். 1994க்குப் பிறகு ஒரு பதிவும் இல்லை. பூனைகள் வந்தது 1994இல்தான் என்று பழைய காவலர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஓலைச்சுவடிகளைக் காப்பது என் கடமை என்றும், அந்தக் கடமையில் எனக்கு உதவுபவர்களைத் திரும்ப அழைத்துவந்தேன் என்றும் எழுதினேன்.

திருச்சியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி: "உன் வேலை எத்தனை நாளைக்குன்னு பார்க்கிறேன்." அழிக்கவில்லை. வைத்திருக்கிறேன்.

நவம்பர் 12, ஞாயிறு. தீபாவளி

யாரும் வரவில்லை. நானும் போகவில்லை. ராக்கு அக்கா வீட்டிலிருந்து கறிக்குழம்பு வந்தது. வெடிச் சத்தத்துக்குப் பயந்து பூனைகள் எல்லாம் என் ஆய்வறை மேசைக்கு அடியில். கதவைத் திறந்து வைத்திருந்தது காற்றுக்காக.

குட்டிகள் கண் திறந்துவிட்டன.

நவம்பர் 17, வெள்ளி

மதியம் பிடித்த மழை மூன்று மணி நேரம் விடவில்லை. தர்பார் மண்டபத்துக்கு ஓடினேன். விதானத்தின் நடுவில் தண்ணீர் தேங்கித் துணி பை போலத் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கிழிந்திருக்கும். காவலர் இருவரும் ராக்கு அக்காவும் நானும் சேர்ந்து கயிறுகளை அவிழ்த்து இறக்கினோம். இடது கையில் உயிர் போகிற வலி. விடவில்லை.

இறக்கிய பிறகு நிமிர்ந்தால், வாசலில் ஞானசம்பந்தம் சார் நின்றிருந்தார். கூரையிலிருந்து தண்ணீர் தரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"பார்த்தீங்களா சார்?"

"நான் எதையும் பார்க்கல" என்றார். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

நவம்பர் 24, வெள்ளி

ஒரு வாரமாகப் பொட்டு மழை இல்லை. இன்று சுள்ளென்று வெயில். கூரைகூட என்னைக் கைவிட்டுவிட்டது என்று காலையில் நினைத்தேன்.

பதினோரு மணிக்குத் துணை இயக்குநர் மேடம் வந்தார். ஐம்பது வயதிருக்கும், வேகமாக நடக்கிறவர். கூடவே கூரை வேலை எடுத்தவர், சலவைச் சட்டையில். தர்பார் மண்டபத்தில் எல்லோரும் நின்றோம். மேடம் கையில் என் பதிவுத் தபால் இருந்தது. படித்திருந்தார். ஓரங்களில் பென்சில் குறிப்புகள்.

"மேடம், பூனை மேல ஏறிப் போயிருக்கும்" என்றார் கூரைக்காரர். "எங்க வேலையில ஒரு சொட்டு இறங்காது. காஞ்சு கெடக்கு பாருங்க."

காய்ந்துதான் கிடந்தது.

"நிரூபிக்க முடியுமா?" மேடம் என்னைக் கேட்டார்.

பத்து நிமிடம் கேட்டேன். விதானம் ஏற்கெனவே என் ஆய்வறையில் பத்திரமாக இருந்தது. மண்டபத்தில் நனைந்து கெடக்கூடிய பொருள் வேறு எதுவும் இல்லை. ராக்கு அக்காவையும் துப்புரவுப் பெண்கள் மூவரையும் மொட்டை மாடிக்கு அனுப்பினேன். ஆளுக்கு இரண்டு பிளாஸ்டிக் குடம். கீழேயிருந்து கத்தினேன்.

"ஊத்துங்க அக்கா!"

மேலே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மறுபடி. மறுபடி. கீழே ஒன்றும் இல்லை. ஐந்து நிமிடம் போயிற்று. கூரைக்காரர் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்தார். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஊத்துங்க!" என்று கத்தினேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"போதும்மா, நிறுத்துங்க" என்றார் கூரைக்காரர். "அரசாங்கக் கட்டடத்துல தண்ணி ஊத்தி விளையாடறதா?"

"நிறுத்தமாட்டேன்."

ஒரு சொட்டு விழுந்தது. கருங்கல் தரையில் டொக் என்று. இன்னொன்று. பிறகு ஒரு நூல் மாதிரி இறங்க ஆரம்பித்தது. நூல் கயிறானது. கூரைக்காரர் இரண்டடி நகர்ந்து நின்றுகொண்டார்.

மேடம் ஞானசம்பந்தம் சார் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இது தெரியுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். தெரியாது என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன்.

"தெரியும் மேடம். பதினேழாம் தேதி கண்ணால பார்த்தேன். பூனைங்கமேல தப்பு இல்ல."

மாடிப்படியிலிருந்து ராக்கு அக்கா எட்டிப் பார்த்து, "இன்னும் ஊத்தவா, போதுமா?" என்று கேட்டார். மேடம் சிரித்துவிட்டார்.

நவம்பர் 30, வியாழன்

உத்தரவு வந்தது. பூனைகளை அப்புறப்படுத்தும் நடவடிக்கை நிறுத்திவைக்கப்படுகிறது. கூரை வேலை குறித்து விசாரணை. ராக்கு அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். திவானைப் பற்றி ஏதாவது போட்டிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

டிசம்பர் 6, புதன்

இன்னொரு உத்தரவு. நிர்வாகக் காரணங்களுக்காக என்னை இடம் மாற்றியிருக்கிறார்கள். வடக்கே, முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டார்கள். "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அப்படி எழுத விதி உண்டா என்று எழுத்தர் கேட்டார். எழுதக்கூடாது என்ற விதியைக் காட்டச் சொன்னேன்.

ஞானசம்பந்தம் சார் தன் அறையிலிருந்து வெளியே வரவில்லை. சாயங்காலம் வண்டியை எடுக்கும்போது வந்து நின்றார். "நான் மார்ச் வரைக்கும் இருக்கேன்மா. அதுவரைக்கும் எந்த வண்டியும் உள்ள வராது" என்றார்.

டிசம்பர் 12, செவ்வாய்

நீதிமன்ற வளாகத்தில் இலவசச் சட்ட உதவி மையம். ராக்கு அக்கா வெளியே பெஞ்சில். உள்ளே மெஹருன்னிசா என்ற வக்கீல். மருத்துவமனைக் காகிதத்தை மேசைமேல் வைத்தேன். அவர் படித்தார்.

"குளியலறையில வழுக்கி விழுந்ததா இதுல எழுதியிருக்கே. கீழ உங்க கையெழுத்துதானே?"

"என் கையெழுத்துதான். ஆனா அது பொய்."

சொன்ன பிறகு மேசை, நாற்காலி, மின்விசிறி எல்லாம் அப்படியேதான் இருந்தன. ஒன்றும் இடிந்து விழவில்லை. கையை முறுக்கிக் கதவில் வைத்து அழுத்தியது யார், அப்போது மணி என்ன, பக்கத்து அறையில் யார் யார் இருந்தார்கள், ஆஸ்பத்திரியில் எனக்குப் பேனாவை எடுத்துக் கொடுத்தது யார். எல்லாவற்றையும் சொன்னேன். பேனா கொடுத்தது அண்ணன். அதையும் சொன்னேன். குறுஞ்செய்தியைக் காட்டினேன். மெஹருன்னிசா குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டே போனார். முடிவில் வாசித்துக் காட்டினார். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் ராக்கு அக்கா பெஞ்சிலிருந்து எழுந்தார். "டீ குடிப்பமா?" என்றார்.

டிசம்பர் 18, திங்கள்

புதிய ஊரில் சேர்ந்தேன். சிறிய அருங்காட்சியகம். ரயிலிலிருந்து இறங்கும்போதே ராக்கு அக்காவின் அழைப்பு. குட்டிகள் பல்லக்கு மேடையை விட்டு வெளியே வந்து தர்பார் மண்டபம் வரை ஓடுகின்றனவாம். மழை பெய்ததாம், ஏழு அண்டா வைத்திருக்கிறார்களாம். திவான் வரவில்லை.

இங்கே பொறுப்பு அதிகாரி மரியாதையாக நாற்காலி காட்டினார். காபி வந்தது. பிறகு ஒரு தடித்த பதிவேடு வந்தது. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள். "இருப்பில் உள்ள ஆயிரத்து முந்நூற்று எண்பத்திரண்டு பொருட்களும் நேரில் சரிபார்க்கப்பட்டு, நல்ல நிலையில் உள்ளனவாகக் கண்டறியப்பட்டன."

"இங்க ஒரு கையெழுத்து மேடம். ஃபார்மாலிட்டிதான்."

"பார்த்துட்டுப் போடறேன்."

"எல்லாத்தையுமா? அதுக்கு மூணு மாசம் ஆகுமே மேடம்."

"ஆகட்டும்" என்றேன். காபியைக் குடித்து முடித்துவிட்டு, முதல் அலமாரியின் சாவியைக் கேட்டேன்.